303 ரைஃபிளுக்கு 308 குண்டு பொருந்துமா? பழைய லீ-என்ஃபீல்டுக்குக் குண்டு தேர்ந்தெடுப்பது பற்றி

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. 1943-இல் கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய 303 ரைஃபிள்) ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது, தோட்டாவை நீங்களே அடைத்துச் சுடப் போகிறீர்கள், அதற்கு எத்தனை கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் நிறுக்கும் எடைக்கணக்கு, ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்து) ரவை நல்லது என்பது ஒன்று. வேறொரு ரைஃபிளுக்கு வாங்கி மிச்சமாகிக் கிடக்கும் 308 ரவை ஐந்நூறை இதிலேயே தீர்த்துவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தக் குழலின் உள்ளளவு என்ன, அதற்குள் எது சரியாக உட்காரும்? எடையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம். (நீங்கள் ரவை என்று எழுதியிருந்தீர்கள். நான் கோவைக்காரன், ரவை என்றால் எனக்கு உப்புமா ஞாபகம்தான் வரும். அதனால் பறந்து போகும் பகுதியைக் குண்டு என்றும், கேஸ் (பித்தளைக் கூடு), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பொட்டு), மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுசைத் தோட்டா என்றும் எழுதுகிறேன்.)

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவையில் பதினோரு வருஷம் டூல்ரூமில் மைக்ரோமீட்டரோடு வாழ்ந்தவன். கனடா வந்த பிறகுதான் ரைஃபிள் தொட்டேன், பதினான்கு வருஷமாகத் தோட்டா அடைக்கிறேன், அதில் பெரும்பகுதி 303-க்குத்தான். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் இல்லை. அளவு பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன், மற்றதில் என் அனுபவம் எது, எல்லாருக்கும் பொருந்துவது எது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். இன்னொன்று, இதெல்லாம் கனடா போல, உரிமம் வைத்திருப்பவர் வீட்டில் தோட்டா அடைக்கச் சட்டம் இடம் தரும் நாட்டில் இருப்பவருக்கு. ஊரில் இருந்து படிப்பவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போங்கள்.

முதலில் 308 கதை. பெயரைப் பார்த்தால் 303-ஐ விட 308 பெரியது, அப்படியென்றால் குழலுக்குள் போகவே போகாதே என்றுதான் புதிதாக வருபவர்கள் பயப்படுவார்கள். நிஜம் நேர் எதிர். குழலுக்குள் புரி வெட்டும்போது மேடும் பள்ளமும் உண்டாகும். 303 என்பது மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே உள்ள அளவு, 0.303 அங்குலம். 308 என்பது பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள அளவு, அதாவது குண்டின் அளவு. 308 குழலின் மேட்டளவு 0.300தான். இங்கிலாந்துக்காரன் உள்ளே அளந்து பேர் வைத்தான், அமெரிக்கன் அந்தத் தோட்டாவுக்கு வெளியே அளந்து பேர் வைத்தான், அவ்வளவுதான். உங்கள் 303 குழலில் பள்ளத்தின் ஆழம் பக்கத்துக்குச் சுமார் ஐந்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தௌ என்போம்), இரண்டு பக்கமும் சேர்த்தால் பள்ளத்தளவு 0.313 பக்கம் வரும். அதில் 0.308 குண்டைப் போட்டால் ஐந்து தௌ சந்து. மேட்டில் கொஞ்சம் உரசும், பள்ளத்தை நிரப்பாது, சந்து வழியாக வாயு முந்திக்கொண்டு ஓடும், குண்டுக்குச் சரியான சுழற்சி கிடைக்காது. நூறு கஜத்தில் காகிதத்தைப் பார்த்தால் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம் போல நீள ஓட்டை விழுந்திருக்கும், குண்டு பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம்.

குறி தவறுவது மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். 303 கேஸின் கழுத்து 0.311, 0.312 குண்டுக்காகச் சுருக்கப்படுவது. அதில் 308 குண்டு லொடலொடவென்று உட்காரும், மேகசீனில் (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டியில்) இருக்கும்போது உதை வாங்கி உள்ளே நழுவும். குண்டு உள்ளே போனால் மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். எண்பது வயது ரைஃபிளில் இந்த விளையாட்டு வேண்டாம். அந்த ஐந்நூறையும் கிளப்பில் 308 வைத்திருக்கிற யாருக்காவது கொடுத்துவிட்டு, பதிலுக்கு 303 கேஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நம் இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் 1960-களில் லீ-என்ஃபீல்டு உடம்பிலேயே 7.62 நேட்டோ குழல் வைத்து 2ஏ, 2ஏ1 என்று செய்தார்கள், அதற்கு 308 குண்டுதான். பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும், மேகசீன் மட்டும் கொஞ்சம் சதுரமாக இருக்கும். உங்களுடையது லாங் பிராஞ்ச் என்பதால் இந்தக் குழப்பம் இல்லை.

சரி, அப்படியென்றால் 0.311-ஆ 0.312-ஆ என்று கேட்பீர்கள். இதற்கு இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். போர்க்காலத்தில் ராத்திரி பகலாக ஓடிய தொழிற்சாலைகள், தேயத் தேய மாற்றாமல் ஓட்டிய வெட்டுளிகள், அப்புறம் எண்பது வருஷத்தில் யார் யாரோ சுட்டது. 0.312-க்குள் அடங்கும் குழலும் பார்த்திருக்கிறேன், 0.316 தாண்டிய குழலும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அளந்தே ஆக வேண்டும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு, கலப்பில்லாத மெத்து ஈயம், குழல் வாயை விடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று வாங்குங்கள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் உருளையை) கழற்றி, குழலைத் துடைத்து உள்ளே எண்ணெய் பூசி, ஈயத்தை வாயில் வைத்து மரச் சுத்தியால் உள்ளே இறக்குங்கள், பிறகு பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டித் தட்டி மறுபக்கம் தள்ளுங்கள். மரக்குச்சி வேண்டாம், அது சாய்வாகப் பிளந்து ஆப்பு மாதிரி குழலுக்குள் இறுகிக்கொள்ளும், எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் அதை எடுப்பதிலேயே போனது. தள்ளும்போது கை சொல்வதையும் கவனியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாக வந்தால் நல்ல குழல். நடுவில் திடீரென்று தளர்ந்தால் அங்கே வீக்கமோ தேய்மானமோ இருக்கிறது.

வெளியே வந்த ஈயத்தில் எத்தனை பள்ளம் பதிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் வருஷத்து லாங் பிராஞ்சில் இரண்டு பள்ளமும் இருக்கலாம், ஐந்து பள்ளமும் இருக்கலாம். இரண்டு என்றால் எதிரும் புதிருமாக இருக்கும், மைக்ரோமீட்டரை வைத்தால் அளவு நேராகக் கிடைத்துவிடும். ஐந்து என்றால் சிக்கல், ஏனென்றால் ஒற்றைப்படை. ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு நிற்கும். சாதாரண மைக்ரோமீட்டரில் வைத்தால் பள்ளத்தளவு வராது, குறைத்துக் காட்டும். வலைத்தளங்களில் ‘என் 303 குழல் 0.309 தான்’ என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்தான் என்று நினைக்கிறேன். டூல்ரூமில் மூன்று பல், ஐந்து பல் கட்டருக்கு வி-ஆன்வில் மைக்ரோமீட்டர் வைத்திருப்போம், ஐந்து பல்லுக்கு என்று இருப்பது கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு தௌ கனமுள்ள பித்தளை ஷிம் தகடு வாங்கி ஈயத்தைச் சுற்றி ஒரே சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள், முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. அந்தத் தகடு பள்ளங்களின் பதிவு மேலேயே நிற்கும். பல இடத்தில் அளந்து பெரிய அளவை எடுத்து இரண்டு தௌ கழித்துக்கொள்ளுங்கள். வெர்னியர் காலிப்பரை நம்பாதீர்கள். ஒரு தௌ வித்தியாசத்துக்காக உயிரை விடும் வேலையில் அது பிடிக்கிற பிடியிலேயே ஒரு தௌ போய்விடும்.

இப்போது குண்டின் அடிப்பாகம், என் அனுபவத்தில் எடையை விட முக்கியம். இந்த ரைஃபிளின் இயற்கையான உணவு 1910-இல் வந்த மார்க் 7 தோட்டா. 174 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,440 அடி வேகம், தட்டையான அடி, அடியில் ஈயம் திறந்தே இருக்கும். மூக்குக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியமோ மரக்கூழோ அடைத்திருப்பார்கள், அதனால் அந்த எடைக்கு அது நீளமான குண்டு. குண்டின் அளவு 0.311 பக்கம், குழலின் பள்ளமோ 0.313-க்கு மேல். சந்து இருக்கிறதே, எப்படி வேலை செய்தது? பின்னால் மருந்து வெடிக்கும் அழுத்தத்தில் அந்தத் திறந்த ஈய அடி பருத்து, பள்ளத்தை நிரப்பிக்கொண்டது. தட்டையான அடிக்கு இந்தக் குணம் உண்டு. படகு அடி என்கிறோமே, பின்பக்கம் குறுகிச் செல்லும் நவீன வடிவம், அது காற்றை நன்றாகக் கிழிக்கும், ஆனால் இப்படிப் பருத்துக் கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டும், குறுகிய அடியைச் சுற்றி வாயு நுழையவும் வழி விடும்.

இதைப் பட்டாளத்தில் அன்றே அனுபவித்தார்கள். விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்கு நீண்ட தூரம் வேண்டும் என்று 1938-இல் படகு அடி வைத்து மார்க் 8இசட் தோட்டா கொண்டுவந்தார்கள். நல்ல குழலில் அருமையாகப் போன அதே குண்டு, கார்டைட் சுட்டுத் தேய்ந்த குழலில் தாறுமாறாகப் போனது. கார்டைட் என்பது நூல் நூலாக இருக்கும் அந்தக் காலத்து மருந்து, முதல் வகையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அதன் சூடு தொண்டையை, அதாவது குண்டு புரியில் நுழையும் இடத்தை, அரித்துக் குதிரை லாயம் போல அகலமாக்கிவிடும். உங்கள் ரைஃபிள் எத்தனை ஆயிரம் கார்டைட் தோட்டா பார்த்தது என்று யாருக்கும் தெரியாது.

என் சொந்தக் கதையும் இதுதான். நான் முதலில் வாங்கியது 1918-இல் செய்த ஒரு எஸ்எம்எல்இ, அதாவது நம்பர் 4-க்கு முந்தைய லீ-என்ஃபீல்டு. விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்பி 0.311 அளவில் 174 கிரெய்ன் படகு அடிப் போட்டிக் குண்டு நூறு வாங்கினேன். நூறு கஜத்தில் இருபது சுட்டேன், டேபிள் ரெஸ்ட்தான், காகிதம் சல்லடை ஆனது. அதில் மூன்று சாவித் துவாரம். இரண்டு மாதம் மருந்தை மாற்றினேன், பிரைமரை மாற்றினேன், குறி பார்க்கும் சைட்டைத் திட்டினேன், கண் டாக்டரிடம் கூடப் போனேன். கடைசியில்தான் புத்தி வந்து ஈயத்தைத் தட்டிப் பார்த்தால் பள்ளம் 0.3150. பெட்டிக்கடை விலைக்குக் கிடைத்த 0.312, தட்டை அடி, உருண்டை மூக்கு 174 கிரெய்னைப் போட்டேன், பத்தும் உள்ளங்கைக்குள் விழுந்தன. குண்டின் மேல் குற்றமில்லை. அதே படகு அடிக் குண்டுகளை நண்பர் ஒருவரின் நம்பர் 4-இல் போட்டோம், அவர் குழல் 0.3125, அங்கே என் உருண்டை மூக்கை விட நன்றாகவே போனது.

அதனால் உங்களுக்கு என் வழி இது. ஈயம் 0.313-க்குள் வந்து, தொண்டையும் நன்றாக இருந்தால் சந்தையில் கிடைக்கும் எதையும் முயன்று பார்க்கலாம்: சியராவின் 0.311 அளவு 174 கிரெய்ன் மேட்ச்கிங், ஹார்னடியின் 0.312 அளவு 150 கிரெய்னோ 174 கிரெய்ன் உருண்டை மூக்கோ, செர்பியாவிலிருந்து வரும் ப்ர்வி பார்ட்டிசானின் 174 கிரெய்ன். 0.313-க்கும் 0.315-க்கும் நடுவே என்றால் 0.312 தட்டை அடி மட்டும், படகு அடிக்குக் காசை வீணாக்காதீர்கள். 0.315-ஐத் தாண்டினால் ஜாக்கெட் (ஈயத்தின் மேல் உலோக உறை) போட்ட குண்டில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஈயத்தை உருக்கி வார்த்த குண்டுக்குப் போங்கள். வார்ப்புக் குண்டைப் பள்ளத்தளவை விட ஒன்று, இரண்டு தௌ கூடுதலாகச் செய்துகொள்ள முடியும், அது தேய்ந்த கிழவனையும் எழுப்பி உட்கார வைக்கும். அடியில் செம்புத் தொப்பி வேண்டும், வேகத்தை 1,800 அடிக்குள் வைத்துக்கொண்டால் குழலில் ஈயம் ஒட்டாது. உருக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையைக் கழுவாமல் டீ குடிக்காதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சமையலறைப் பக்கமே போகக்கூடாது.

எடைக்கு வருகிறேன். இந்தக் குழல் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்பக்கப் புரி. இது முதலில் 215 கிரெய்ன் நீள உருண்டை மூக்குக் குண்டுக்காக வைத்த சுழற்சி, அதனால் 150-இலிருந்து 215 வரை எதையும் நிலையாகச் சுழற்றும். சுழற்சி போதாது என்ற கவலையே வேண்டாம். ஆனால் பின் சைட்டில் பொறித்திருக்கும் கஜக் கணக்கு எல்லாம் மார்க் 7-க்கானது. 174 அல்லது 180 கிரெய்னை 2,400 அடி பக்கத்தில் ஓட்டினால் சைட் சொல்வதும் குண்டு விழுவதும் ஏறக்குறைய ஒத்துப்போகும். 150 போட்டால் வேறு இடத்தில் விழும், அதிலும் மேலே விழுமா கீழே விழுமா என்பதில் ரைஃபிளுக்கு ரைஃபிள் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். காகிதம் சுடுவதுதான் நோக்கம் என்றால் 174-இல் ஆரம்பியுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். மானுக்கு 150 கிரெய்ன், மூஸுக்கு (கனடாவின் பெரிய மான் வகை) 180 கிரெய்ன், இரண்டும் மூக்கு மெத்தென்ற வகை. முழு ஜாக்கெட் குண்டை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும், மிருகம் எங்கோ போய்ச் சாகும். பல இடங்களில் சட்டமும் விடாது.

பழைய வீரர்கள் ஒன்று சொல்வார்கள்: லீ-என்ஃபீல்டு நூறு கஜத்தில் சுமார், ஆயிரம் கஜத்தில் ராஜா என்று. போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருப்பதால் சுடும்போது குழல் ஒரு மாதிரி துள்ளும், மெதுவான குண்டு குழல் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும் நேரத்தில் வெளியேறும், வேகமானது கீழே இருக்கும்போது வெளியேறும், தூரத்தில் போய் இரண்டும் ஒரே இடத்தில் சேரும் என்பது விளக்கம். இது கட்டுக்கதை இல்லை, பழைய துப்பாக்கி நூல்களிலேயே உண்டு. ஆனால் உங்கள் ரைஃபிளில், உங்கள் மரக்கட்டை பொருந்தியிருக்கும் விதத்தில், அது நடக்குமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். நான் இதுவரை அறுநூறு கஜம் தாண்டிச் சுட்டதில்லை.

பழைய ராணுவத் தோட்டாவிலிருந்து பிடுங்கிய குண்டு மலிவாக வரும், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 303-இல் எந்த வகை என்பதைப் பிரைமரைச் சுற்றிய வளையத்தின் நிறம் சொல்லும்: ஊதா என்றால் சாதாரணம், சிவப்பு டிரேசர் (போகும் வழி தெரிய எரிந்துகொண்டே போவது), பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீ வைப்பது. வளையமும் பொறிப்பும் இருப்பது கேஸில். குண்டைப் பிடுங்கிய பிறகு அந்த அடையாளம் கேஸோடு போய்விடுகிறது, பையில் கலந்து கிடக்கும் குண்டு என்ன வகை என்று விற்கிறவருக்கே தெரியாது. மூக்கில் சாயம் இருந்தாலோ, காந்தம் ஒட்டினாலோ, எடை ஒன்றுக்கொன்று ஐந்து கிரெய்ன் தள்ளி இருந்தாலோ நான் தொட மாட்டேன். காட்டில் தீப்பிடித்தால் மிச்சம் பிடித்த காசு காணாது.

மருந்து எத்தனை கிரெய்ன் என்று எழுதவில்லை, வேண்டுமென்றேதான். குண்டு தயாரித்தவரின் கையேட்டில் அந்தக் குண்டுக்கே போட்டிருக்கும் ஆரம்ப அளவில் தொடங்குங்கள். குண்டு மாறினால், எடை அதே 174 ஆக இருந்தாலும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. ஒன்றின் உடம்பு குழலைத் தொடும் நீளம் வேறு, ஜாக்கெட்டின் கடினம் வேறு, முழுச் செம்புக் குண்டு என்றால் இன்னும் வேறு. 303-க்கு அமெரிக்கத் தரம் வைத்த உச்ச அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 308-க்கு 62,000. 308-இன் அட்டவணையைப் பார்த்து 303-க்கு அடைத்த ஒருவரின் போல்ட்டைக் கட்டையால் தட்டித் திறந்ததைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை. தோட்டாவின் மொத்த நீளம் 3.075 அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் மேகசீனில் உட்காரும். தேய்ந்த தொண்டையில் குண்டைப் புரிக்கு அருகே கொண்டுபோகிறேன் என்று வெளியே இழுத்து வைத்தால் மேகசீனும் ஏற்காது, கழுத்தும் பிடிக்காது. குண்டின் உடம்பில் கேஸ் வாய் பிடிப்பதற்கான பிடிப்பு வரி இருந்தால் அந்த வரிக்கு அடையுங்கள், போதும்.

கேட்காத ஒன்று, ஆனால் தெரியாமல் ஆரம்பிக்கக்கூடாது: இந்த ரைஃபிள்களில் தோட்டா உட்காரும் அறை போர்க்களச் சேற்றுக்காகத் தாராளமாகக் குடையப்பட்டது. கேஸ் ஒவ்வொரு தடவையும் நீளும், முழு அளவு டையில் (சுட்ட கேஸைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சில்) ஒவ்வொரு தடவையும் சுருக்கினால் நாலைந்து சூட்டில் அடிப்பக்கம் வளையம் போல வெடித்து இரண்டாகிவிடும். ஒரே ரைஃபிளுக்கு என்றால் கழுத்தை மட்டும் சுருக்குங்கள், உள்ளே வளைந்த கம்பியை விட்டு அடிச் சுவரில் பள்ளம் தட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள், தட்டினால் குப்பைத் தொட்டி.

அளந்துவிட்டு எழுதுங்கள். பள்ளத்தளவு, எத்தனை பள்ளம், கூடவே வாய்ப்பக்கம், மருந்தும் பிரைமரும் இல்லாமல் அடைத்த ஒரு தோட்டாவை மூக்கு உள்ளே போகும்படி வைத்தால் எவ்வளவு தூரம் இறங்கி நிற்கிறது என்பது. கேஸின் கழுத்து வரை இறங்கிவிட்டால் பழைய சிப்பாய்கள் கயிறு இழுத்துச் சுத்தம் செய்தே வாயைத் தேய்த்திருக்கிறார்கள், அப்போது குண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் குழலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.